கேஸ் கட்டிங் பாதுகாப்புக்கு ஆன்லைன் கோர்ஸ்: எந்தக் கருவியில் செய்வது?

மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளில் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைக்கும் காலம், வந்துவிட்டால் திருவொற்றியூர், எர்ணாவூர், கத்திவாக்கம், கொருக்குப்பேட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பையன்கள் காண்ட்ராக்டர் வண்டியில் ஏறுவார்கள். வெல்டர், ஃபிட்டர், கேஸ் தீயால் இரும்பை வெட்டும் கேஸ் கட்டர், இவர்களுக்கு ஹெல்பர்கள். உள்ளே விடும் முன் ஒரு சேஃப்டி இண்டக்‌ஷன் நடக்கும். திரையில் ஸ்லைடு ஓடும், கேள்வித்தாள் ஒன்று வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட் பாஸ் கொடுப்பார்கள். ஆக்சிஜனும் டிஏ (அசிட்டிலீன் வாயு) சிலிண்டரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இடத்தில் வேலை செய்யப்போகிறவனுக்கு இது போதவே போதாது.

திருவொற்றியூரில் நான் வேலை பார்ப்பது ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில். ஷட்டவுனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பையன்கள் தங்கள் போனில் செய்து பார்க்கிற மாதிரி, கேஸ் கட்டிங் பாதுகாப்புக்கு ஒரு கோர்ஸ் தயாரிப்பது என்று பேசி முடித்தோம். அப்புறம்தான் எந்தக் கருவி என்ற கேள்வி வந்தது. எங்கள் முன்னால் இருந்த வழிகள் நான்கு: வாட்ஸ்அப்பில் வீடியோவும் கூகுள் ஃபார்மும், பயிற்சிகள் செய்ய இலவசமாகக் கிடைக்கும் ஹெச்5பி என்ற கருவி, காசு கொடுத்து வாங்கும் ஸ்டோரிலைன் வகை மென்பொருள், எல்லாவற்றையும் ஏஐயிடமே ஒப்படைப்பது. டியூஷன் சென்டர், ஐடிஐ, தையல் பள்ளி என்று எந்த இடத்தில் கோர்ஸ் செய்ய நினைப்பவருக்கும் கடைசியில் இந்த நான்குதான் வந்து நிற்கும் என்பதால் எங்கள் கணக்கை விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான ஒப்பீடுகள் விலை, வசதி, டெம்ப்ளேட் எண்ணிக்கை என்று பட்டியல் போடும். நான் முதலில் பார்ப்பது தப்பான விடைகளை. அவற்றை யார் எழுதுகிறார், ஆறு மாதம் கழித்து யார் மாற்ற முடியும் என்பதுதான் என் முதல் கேள்வி. காரணத்தை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும்.

தப்பான விடை எங்கிருந்து வருகிறது

ஆக்சிஜன் ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கும் சூழலுக்கு ஒரு கேள்வி எழுதித் தரும்படி ஏஐயிடம் கேட்டோம். வந்த விடைகள் இவை: மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பேன், சுத்தியலால் ஓங்கி அடிப்பேன், நெருப்பில் வாட்டுவேன், கண்டுகொள்ளாமல் வேலையைத் தொடர்வேன். இலக்கணம் சுத்தம், சரியான விடையும் சரிதான். காலடிப்பேட்டை டீக்கடையில் வைத்து ஒரு ஃபோர்மேனிடம் இதைக் காட்டினேன். முப்பது வருஷமாக ஷட்டவுன் பார்த்தவர். படித்துவிட்டு, "இதுல யாருப்பா தப்பு பண்ணுவான்? கொழந்தகூட மொதல் ஆன்சரத்தான் போடும்" என்றார்.

"அப்ப நிஜமா என்னண்ணே பண்ணுவாங்க?" என்று கேட்டதும் நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார். ஹெல்பர் பையன் துளி கிரீஸ் எடுத்துத் தடவுவான், மற்ற நட்டுக்கெல்லாம் அப்படித்தானே செய்கிறான். கிரீஸ் இல்லையென்றால் கை துடைக்கிற எண்ணெய்த் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருப்புவான். மே மாதம் வேர்த்துக் கொட்டினால் ஆக்சிஜன் ஹோஸைச் சட்டைக்குள் விட்டு ஊதிக்கொள்வான், சில்லென்று இருக்கும். லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்த டிஏ சிலிண்டரை இறக்கின கையோடு மாட்டிப் பற்றவைப்பான். கசிகிறதா என்று பார்க்க லைட்டரைக் கிட்டே கொண்டுபோவான். "எல்லாமே வேலை சீக்கிரம் முடியணும்னு பண்றதுதான் தம்பி, எவனும் வேணும்னு பண்றதில்ல."

இந்த ஐந்தும் உயிரைக் குடிக்கிற பழக்கங்கள். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனோடு எண்ணெயோ கிரீஸோ சேர்ந்தால் பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறின துணியில் சின்னப் பொறி விழுந்தாலும் அணைக்க நேரம் இருக்காது. டிஏ சிலிண்டருக்குள் துளைகள் நிறைந்த ஒரு பொருளும் அதில் ஊறின அசிட்டோனும் இருக்கின்றன, அசிட்டிலீன் கரைந்திருப்பது அந்த அசிட்டோனில்தான். படுக்கவைத்த சிலிண்டரை உடனே திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் வெளியே வரும். அதனால் நிமிர்த்தி வைத்து, நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். கசிவுக்கு சோப்புத் தண்ணீர்.

சரியான விடையைப் புத்தகத்திலிருந்து ஏஐ எடுத்துத் தந்துவிடும். கற்பவனை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கவைப்பது அதன் பக்கத்தில் நிற்கும் தப்பான விடை. அது அவன் நேற்று செய்ததாக இருக்க வேண்டும், குறைந்தது பக்கத்தில் நின்றவன் செய்ததாகவாவது இருக்க வேண்டும். அது யார்டில்தான் கிடைக்கும். ஆகவே எந்தக் கருவி அந்த ஃபோர்மேனைக் கோர்ஸுக்குள் எளிதாக வரவிடுகிறதோ அதற்கு என் ஓட்டு.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்

ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோபி கேப்டிவேட், ஐஸ்ப்ரிங் ஆகிய மூன்றும் பெரிய கம்பெனிகளின் பயிற்சிப் பிரிவுகளில் பரவலாக ஓடுபவை. ஸ்டோரிலைனின் பலம் உண்மையானது. சிலிண்டர் படத்தில் வால்வைத் தொட்டுத் திருப்பவைக்கலாம், முதல் ஸ்லைடில் எடுத்த முடிவின் விளைவைப் பத்தாவது ஸ்லைடில் காட்டலாம். இந்த அளவு நுணுக்கம் இலவசக் கருவிகளில் கிடைக்காது. ஐஸ்ப்ரிங் பவர்பாயிண்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்வதால் ஸ்லைடு செய்யத் தெரிந்த ஆசிரியர் சீக்கிரம் பழகிவிடுவார்.

எங்களுக்கு இடித்தது மூன்று இடங்களில். முதலாவது விலை. ஆர்ட்டிகுலேட் தொகுப்புக்கு ஒருவருக்கு ஆண்டுச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல், நம் பணத்தில் 80 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். சந்தா நின்றால் செய்துவைத்த கோர்ஸ் ஓடும், திருத்த முடியாது. இரண்டாவது, ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டும் ஓடும், அதைப் பழகவும் வாரக்கணக்கில் ஆகும். கிரீஸ் கேள்வியை மாற்ற வேண்டுமென்றால் ஃபோர்மேன் என்னிடம் சொல்லி, நான் மென்பொருள் தெரிந்தவரிடம் சொல்லி, அவர் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டும். நடுவில் இத்தனை கை வந்தால் யாரும் மாற்றச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, ஸ்டோரிலைன் ஸ்லைடு போனில் மொத்தமாகச் சுருங்கித் தெரியும், எழுத்து தானாக மடங்கி வராது. அதே தொகுப்பில் உள்ள ரைஸ் என்ற இன்னொரு கருவி அந்த விஷயத்தில் நல்லது, திரைக்கேற்ப மடங்கும்.

இந்த வகை கருவிகளிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் ஸ்கார்ம் பொதி, கம்பெனிகளின் பயிற்சித் தளங்களில் ஏற்றும் விதத்தில் கட்டிய கோர்ஸ் கோப்பு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒரு திட்டத்தில் உருவான தரநிலை அது. அதன் 1.2 பதிப்பு வந்தது 2001-இல், இன்றைக்கும் பல கம்பெனிகள் அதைத்தான் கேட்கின்றன. கற்பவர் எங்கே விட்டார் என்பதைச் சேமிக்க அந்தப் பதிப்பில் 4096 எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு. கிளைகள் நிறைய உள்ள நீளமான கோர்ஸில் அது நிரம்பிப்போகும், அடுத்த நாள் திறந்தால் விட்ட இடம் வராது. பேருந்தில் பாதி, வீட்டில் பாதி என்று செய்யும் பையனுக்கு இது பெரிய தொல்லை. ஸ்கார்ம் கட்டாயம் என்றால் கோர்ஸைச் சின்னச் சின்னப் பொதிகளாக உடைத்துவிடுவது நல்லது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஒரு காலத்தில் அனிமேஷனும் ஆன்லைன் பாடங்களும் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில்தான் செய்தார்கள், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி அதை நிறுத்தியது. அதில் செய்த பாடங்களின் மூலக் கோப்பு கையில் இல்லாதவர்கள் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. எந்தக் கருவியை எடுத்தாலும் கேள்விகளும் உரையாடல்களும் தனியாக ஒரு சாதாரண ஆவணத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும் ஏஐயிடம் விட்டால்

தலைப்பைக் கொடுத்தால் பாடம், படம், வினாடிவினா எல்லாவற்றையும் சில நிமிடங்களில் அடுக்கித் தரும் தளங்கள் இப்போது நிறைய. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றிடம் கேட்டால் முழு எச்டிஎம்எல் இணையப் பக்கமாகவே எழுதித் தருகின்றன. வேகத்தில் இதை யாரும் மிஞ்ச முடியாது.

பாதுகாப்புப் பாடத்தில் அந்த வேகம் என்னைப் பயமுறுத்துகிறது. ஒரு உதாரணம்: கேஸ் கட்டிங் டார்ச்சின் தீயை அணைக்கும்போது எந்த வால்வை முதலில் மூடுவது? சில தயாரிப்பாளர்கள் எரிவாயுவை முதலில் என்பார்கள், சிலர் ஆக்சிஜனை முதலில் என்பார்கள். ஏஐ அதில் ஒன்றைத் தயங்காமல் எழுதிவிடும். பையன் கையில் இருக்கும் டார்ச்சின் கையேடு வேறு மாதிரி சொல்லியிருந்தால் நாம் கற்றுத்தந்தது குழப்பத்தைத்தான். அதனால் அந்தக் கையேட்டைக் கொடுத்து, அதிலிருப்பதை மட்டும் வைத்து எழுதச் சொல்ல வேண்டும். எழுதியதைத் தொழில் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பார்க்க வேண்டும்.

தமிழும் இடிக்கிறது. விட்டால் சிலிண்டர் 'உருளை' ஆகிவிடும், கிரீஸ் 'மசகு' ஆகிவிடும். யார்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. நாங்கள் செய்தது, ஃபோர்மேன் பேசியதை அவர் சம்மதத்தோடு போனில் பதிவுசெய்து, எழுத்தாக்கி, "இந்தச் சொற்களையே பயன்படுத்து" என்று முன்னால் வைத்துவிடுவது. அதன் பிறகு வரும் வரைவு பாதிக்கு மேல் தேறுகிறது. அவர் சொன்ன ஒவ்வொரு தப்புக்கும் என்ன விளைவு, பையனிடம் எந்தத் தொனியில் சொல்வது, அதே கேள்வியை மூன்று சூழலில் எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் எழுத ஏஐ அருமையான உதவியாள். ஒரு மாலை முழுக்க எழுத வேண்டியது ஒரு மணி நேரத்தில் முடிகிறது.

குரலுக்கு வருவோம். மைக்ரோசாஃப்டின் சேவையில் பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் தமிழ்க் குரல்கள் உண்டு. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. பாடத்தை வாசிக்க இவை போதும். தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலச் சொற்களை மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள், 'கேஸ் கட்டிங்' என்பதை வழக்கு வெட்டுவது போல வாசித்துவிடக்கூடும். உரையாடல் பகுதிக்கு நிஜ மனிதரின் குரலைத்தான் பரிந்துரைப்பேன். ஹெல்பரிடம் ஃபோர்மேன் கத்துவது ஃபோர்மேன் குரலில் வந்தால்தான் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

ஹெச்5பி

நார்வேயில் உருவாகி 2013-இல் வெளிவந்த இலவச, திறந்த மூலக் கருவி. வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்க்கலாம், கோர்ஸ் நடத்த உதவும் மூடுல் என்ற பயிற்சித் தளத்தில் அதோடேயே வருகிறது. எதுவும் இல்லாதவர்கள் லூமி என்ற இலவசச் செயலியைக் கணினியில் போட்டுச் செய்து பார்க்கலாம், அதிலிருந்து ஸ்கார்ம் பொதியாகவும் எடுக்கலாம்.

ஐம்பதுக்கு மேற்பட்ட பயிற்சி வகைகள் இருந்தாலும் எங்களுக்கு வேலை செய்தவை இரண்டு. முதலாவது இடையில் நின்று கேள்வி கேட்கும் வீடியோ. பையன் ரெகுலேட்டரைக் கையில் எடுக்கும் இடத்தில் வீடியோ நிற்கும், "இப்போ என்ன பண்ணுவே?" என்று கேட்கும். தப்பைத் தொட்டால் அந்தத் தப்பின் விளைவைச் சொல்லும் நொடிக்கே கொண்டுபோய் விடலாம். இரண்டாவது கிளைக்கதை. ஒவ்வொரு முடிவுக்கும் வேறு வேறு பாதை, வேறு வேறு முடிவு. மேலே சொன்ன ஐந்து பழக்கங்களும் ஐந்து கிளைகளாக அப்படியே உட்கார்ந்தன. திருத்துவது படிவம் நிரப்புவது போலத்தான். மேஜையில் ஃபோர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல விடையை மாற்றிச் சேமித்தோம்.

குறைகளும் உண்டு. ஸ்லைடு வகையும் இழுத்துப் பொருத்தும் வகையும் சின்ன போனில் கஷ்டம், விரல் தடிமனுக்குக் கட்டம் அகப்படாது. அழகு விஷயத்தில் ஸ்டோரிலைன் பக்கத்தில் நிற்காது. மூடுல் வைக்க ஹோஸ்டிங் (இணையத்தில் தளம் வைக்கும் வாடகை இடம்) வாங்க வேண்டும், அப்டேட் போட ஒருவர் வேண்டும். லூமியிலிருந்து தனி எச்டிஎம்எல் கோப்பாக எடுத்து எங்காவது ஏற்றினால் அந்தச் செலவு குறையும், ஆனால் யார் எந்த விடையைத் தொட்டார் என்ற விவரம் நம்மிடம் திரும்பி வராது. எனக்கு அந்த விவரம் முக்கியம். எண்ணெய்த் துணி விடையைப் பாதிப் பேர் தொட்டிருந்தால் அடுத்த நாள் நேர்முக வகுப்பில் அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூடுலின் செயலியில் முன்கூட்டியே இறக்கிவைத்து நெட் இல்லாமல் செய்யலாம் என்பது இன்னொரு லாபம். வீடியோ யூடியூபில் இருந்தால் மட்டும் அது நடக்காது, கோப்பாக ஏற்றியிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பும் கூகுள் ஃபார்மும்

இதைத் தாழ்வாகப் பார்க்க வேண்டாம். கூகுள் ஃபார்மில் விடைக்கு ஏற்ப வேறு வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. சின்னக் கிளைக்கதையையே அதில் ஓட்டிவிடலாம். யார் எந்தத் தப்பைத் தொட்டார் என்பது கூகுள் ஷீட்டில் வரிசையாக வந்துவிழும். எந்தப் பையனுக்கும் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. வீடியோவுக்குள் நிறுத்திக் கேட்க முடியாது, நீளமான கதை எழுதினால் பகுதிகள் சிக்கிக்கொள்ளும். இவைதான் எல்லை.

எந்த வழியில் போனாலும் முதல் வரைவை இதில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒருவர்கூடத் தொடாத தப்பு விடை இருந்தால் அது உயிரில்லாத விடை, தூக்கிவிடலாம். அப்படி வடிகட்டிய பிறகு ஹெச்5பிக்கு மாற்றினால் வேலை பாதியாகும்.

நீளம், நேரம் பற்றி இரண்டு விஷயங்கள் உறுதியாகச் சொல்லலாம். 2014-இல் பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் எடெக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. எங்கள் வீடியோக்கள் மூன்று நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட சோதனை இன்னும் முக்கியம். பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால். ஸ்லைடு முடிந்த கையோடு கேட்டில் வைக்கும் கேள்வித்தாளில் எல்லாரும் பாஸாவதை நம்ப முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் கோர்ஸில் முதல் நாள் கதை, மூன்றாம் நாள் அதே தப்புகள் வேறு சூழலில், ஏழாம் நாள் மறுபடி. வாட்ஸ்அப்பில் லிங்க் போகும், ஐந்து நிமிட வேலை.

எங்கள் முடிவு

கூகுள் ஃபார்மில் வரைவு, மூடுலில் ஹெச்5பி, எழுத்து வேலைக்கு ஏஐ, தப்பான விடைகளுக்கும் கடைசிச் சரிபார்ப்புக்கும் ஃபோர்மேன். வால்வு திறக்கும் கைப்பழக்கத்தைப் போனில் கற்றுத்தர முடியாது, அது பட்டறையில் நேரில்தான்.

நிலைமை வேறானால் முடிவும் வேறு. கோர்ஸை வாங்கப்போகிறது ஒரு பெரிய ஆலை, அவர்களுடைய பயிற்சித் தளத்தில் (எல்எம்எஸ்) ஸ்கார்ம்தான் ஏறும் என்றால் முதலில் லூமியிலிருந்து எடுத்துச் சோதித்துப் பாருங்கள், தேறாவிட்டால் ஒரு வருடச் சந்தாவை அவர்கள் செலவிலேயே கேளுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் மாலை டியூஷன் எடுக்கும் தன்னார்வலர் என்றால் கூகுள் ஃபார்மே தாராளம், மூடுலைத் தொடவே வேண்டாம். கற்பவர்கள் 18 வயதுக்குக் கீழே என்றால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. பெயருக்கு மேல் எதையும் வாங்காதீர்கள், பிள்ளைகளின் விவரத்தை ஏஐ தளத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

வெளியிடும் முன் கோர்ஸை வீட்டிலேயே பழைய போன் எதுவோ அதில், வைஃபையை அணைத்துவிட்டு, வெயிலில் நின்று ஒருமுறை முழுக்கச் செய்து பாருங்கள். யார்டுக்கு வெளியே பையன்கள் காத்திருப்பது அந்த வெயிலில்தான்.

செலவுக் கணக்கு எழுதும்போது ஹோஸ்டிங்குக்கு மேலே முதல் வரியாக ஃபோர்மேனின் நாள் சம்பளத்தைப் போடுங்கள். அவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருகிறார், கோர்ஸில் இருக்கும் அறிவு அவருடையது. கோர்ஸின் முதல் பக்கத்தில் அவர் பெயரையும், அவருக்குச் சம்மதமென்றால் படத்தையும் போடுங்கள். ஷட்டவுன் முடிந்து வரும் ஒவ்வொரு முறையும், புதிதாக என்ன தப்பு பார்த்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ள அதே சம்பளத்தில் இன்னொரு அரை நாளும் ஒதுக்கிவையுங்கள்.